மலரும் மடிப்பும்

(மலர்க் குழுவினர் சார்பிலே சங்கக் கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரை)



இவ்வாண்டு மலரின் பக்கங்களை எவ்வாறு வகுக்கப் போகின்றோம் என்பதைச் சபையோருக்கு எடுத்துக் கூறும் பணி மலர்க் குழுவினராகிய நமக்குத் தரப்பட்டிருக்கின்றது. கட்டுரை எழுதுதல் அறிஞர் வேலை. அச்சிடுதல் அச்சகத்தார் வேலை. இவ்விரண்டுக்கும் இடையிலே பேசுவதற்கு என்ன இருக்கின்றது என்று சிலர் எண்ணக்கூடும். சென்ற ஆண்டு நாமும் அவ்வாறே எண்ணினோம். அந்த எண்ணத்தினால் ஒரு பிழை செய்தோம். அப்பிழையைச் சொல்லாமல் இவ்வாண்டுத் திட்டத்தை மட்டும் சொல்லுதல் நேர்மையாகாது. ஆதலால் அதிலிருந்தே தொடங்குகின்றோம்.

சென்ற ஆண்டு மலரிலே பழைய குழுப்படம் ஒன்று வெளிவந்ததை நீங்கள் அறிவீர்கள். ஏறக்குறைய அறுபது ஆண்டுகளுக்கு முன்னர் எடுத்த படம். வெளிநாட்டிலே வாழும் உறுப்பினர் ஒருவர் தம் தந்தையாரின் பெட்டியிலிருந்து அதைக் கண்டெடுத்துப் பிரதி செய்து அனுப்பியிருந்தார். இருப்போர் அறுவர், அவர்களுக்குப் பின்னே நிற்போர் எழுவர். கிடைத்தற்கரிய படமாயிற்றே, பெரிதாகவே போடுவோம் என்று, எதிரெதிரான இரண்டு பக்கங்களையும் நிறைத்து அதனை அச்சிட்டோம். கணினித் திரையிலே அது கண்ணைப் பறித்தது. முன்வரிசையில் இருந்த அறுவரின் முகங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தோம். எல்லாம் சரியாக இருந்தன. அச்சுக்கு அனுப்பிவிட்டோம்.

மலர் வெளிவந்த வாரத்திலே, பிரதிகளைக் கொடுப்பதற்காக வீடு வீடாகச் சென்றோம். எண்பது வயதைக் கடந்த ஓர் ஆச்சி மலரை வாங்கி, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்தப் படத்தை விரித்தார். நெடுநேரம் பார்த்தார். பின்பு, “தம்பியவை, இவர் எவடத்திலை நிக்கிறார்?” என்று கேட்டார். அவருடைய கணவர் பின்வரிசையிலே நின்றவர். ஆச்சி கேட்ட பிறகுதான் நாமும் பின்வரிசையைப் பார்த்தோம். நாலாமவர் இருக்கவேண்டிய இடத்திலே இரண்டு தோள்கள் இருந்தன. அவற்றிடையே முகம் இல்லை. ஆச்சி மலரை இரு கைகளாலும் அழுத்தி விரித்தார். கம்பி தளர்ந்தது. ஒரு காது மட்டும் வெளியே தெரிந்தது. “பரவாயில்லை, தம்பி” என்று சொல்லி எமக்குத் தேநீர் தந்தார்.

அவர் வீட்டிலே அவருடைய கணவரின் படம் ஒன்றும் இல்லை. 1987ஆம் ஆண்டு வடமராட்சியிலே இராணுவ நடவடிக்கை நடந்தபோது வீட்டைவிட்டு ஓடினார்கள்; திரும்பி வந்தபோது சுவரிலே ஆணிகள் மாத்திரமே இருந்தன. இதனை ஆச்சி சொல்லவில்லை. அயலார் சொல்லிப் பின்னர் அறிந்தோம்.

அன்பர்களே, அந்த முகத்தை யார் மறைத்தது? அச்சகத்தாரைக் குறை சொல்ல முடியாது. நாம் கொடுத்ததை அவர்கள் அச்சிட்டார்கள். கணக்கைப் பார்த்தால் உண்மை விளங்கும். எமது மலர் முதுகோரத்திலே பக்கவாட்டாகக் கம்பி குத்திக் கட்டப்படுவது. கம்பி விளிம்பிலிருந்து கால் அங்குலம் உள்ளே இறங்குகின்றது. கம்பிக்கு அப்பால் தாள் வளைந்து எழும் இடத்திலும் ஏறக்குறையக் கால் அங்குலம் கண்ணுக்குத் தெரியாது. ஆக, ஒவ்வொரு பக்கத்திலும் அரை அங்குலம். எதிரெதிர்ப் பக்கம் இரண்டிலும் சேர ஓர் அங்குலம் மறைந்து போகின்றது. அப்படத்திலே ஒரு முகத்தின் அகலம் அரை அங்குலந்தான். இருப்போர் அறுவர் இரட்டை எண்ணாகையால், மடிப்பு மூன்றாமவருக்கும் நான்காமவருக்கும் இடையிலே விழுந்தது, முன்வரிசை தப்பியது. நிற்போர் எழுவர் ஒற்றை எண்ணாகையால், மடிப்பு நடுவில் நின்றவரின் முகத்திலேயே விழுந்தது.

கணினித் திரையிலே மடிப்பு என்பது மெல்லிய ஒரு கோடு மட்டுமே. தாளுக்குத் தடிப்பு உண்டு, வளைவு உண்டு, கம்பி உண்டு. திரைக்கு இவை இல்லை. ஆயினும் திரையையும் முழுமையாகக் குறை சொல்லமாட்டோம். முன்வரிசையைப் பார்த்த கண்களாலே பின்வரிசையை நாம் பார்க்கவில்லை. இருப்பவர் தலைவர், காரியதரிசி, தனாதிகாரி. ஆதலால் அவர்கள் முகம் முக்கியம் என்று எமது மனம் நம்மை அறியாமலே தீர்ப்புச் செய்துவிட்டது. படத்தின் கீழே போட்ட குறிப்பைப் பாருங்கள். இருப்போர் அறுவரின் பெயரும் பட்டமும் உண்டு. அதற்குப் பின், “நிற்போர்: உறுப்பினர்கள்” என்ற இரண்டு சொற்களே உண்டு. முகமும் போயிற்று; பெயரும் போயிற்று.

பக்கம் வகுத்தல் என்பது அழகு பார்க்கும் வேலை என்று எண்ணியிருந்தோம். யாரைக் காட்டுவது, யாரை மறைப்பது என்று தீர்மானிக்கும் வேலை அது என்பதை அந்த ஆச்சியின் கேள்வி நமக்குக் கற்பித்தது.

எமது முன்னோர் இதனை நன்கு அறிந்திருந்தார்கள். பனையோலைச் சுவடியைப் பார்த்திருப்பீர்கள். கயிறு கோப்பதற்காக ஏட்டிலே துளையிடுவார்கள். ஏடெழுதுவோர் அந்தத் துளையைச் சுற்றிச் சிறிது இடத்தை வெறுமையாக விட்டே எழுதினார்கள். கயிறு உரசுமிடத்திலே எழுத்திருந்தால் அது தேய்ந்துவிடும் என்பது அவர்களுக்குத் தெரியும். துளைக்கு இடம் விட்ட அந்த ஏடெழுதுவோருக்கு இருந்த அறிவு, கம்பிக்கு இடம் விடாத நமக்கு இல்லாமற் போயிற்று!

அச்சு வந்த பிறகும் இந்த அறிவு வளர்ந்தே வந்தது. தமிழ் எழுத்திலே அச்சேறிய முதல் நூலாகிய ‘தம்பிரான் வணக்கம்’ 1578ஆம் ஆண்டிலே கொல்லத்தில் அச்சிடப்பட்டது. அது 16 பக்கங் கொண்ட சிறு நூல். எமது குடாநாட்டிலே அமெரிக்க மிஷனார் 1841ஆம் ஆண்டில் ‘உதயதாரகை’ப் பத்திரிகையைத் தொடங்கித் தமிழையும் ஆங்கிலத்தையும் ஒரே பத்திரிகையிலே வைத்துக் காட்டினார்கள். மிஷன் பாடசாலையிலே படித்த நாம் அந்த நன்றியை மறைக்கமாட்டோம். அவ்வாறே மிஷன் பாடசாலையிலே கற்று, பேர்சிவல் பாதிரியாருக்கு விவிலிய மொழிபெயர்ப்பிலே துணைநின்ற ஸ்ரீலஸ்ரீ ஆறுமுகநாவலர் அவர்கள், 1849ஆம் ஆண்டிலே சென்னைக்குச் சென்று அச்சியந்திரம் வாங்கிவந்து வண்ணார்பண்ணையிலே நிறுவினார்கள். 1852ஆம் ஆண்டிலே பெரியபுராணத்தை வசனமாக்கி அச்சிட்டார்கள். செய்யுளிலே பழகாதவரும் வாசிக்கும்படி சந்தி பிரித்து, நிறுத்தக் குறிகளை இட்டு அச்சிடும் வழக்கத்தைத் தமிழ் வசனத்திலே நிலைபெறச் செய்தவர் அவர். ஒரு காற்புள்ளியை எங்கே வைப்பது என்பதும் வாசிப்பவன்மேற் கொண்ட இரக்கந்தான் அல்லவா? சிறுப்பிட்டியிலே பிறந்து, வட்டுக்கோட்டைச் செமினரியிலே கற்ற சி. வை. தாமோதரம்பிள்ளை அவர்கள் 1887ஆம் ஆண்டிலே கலித்தொகையை அச்சேற்றினார்கள். தொட்டால் ஒடியும் ஏடுகளிலிருந்து எழுத்தெழுத்தாக மீட்டு அந்தப் பெரியார் நமக்குத் தந்தார். நாமோ நல்ல நிலையில் வந்த ஒரு படத்தை அச்சேற்றும்போது தொலைத்துவிட்டோம்.

இனித் தொழிலுக்கு வருவோம். வீட்டுக்குச் சென்றதும் ஒரு முழுத்தாளை எடுத்து மும்முறை மடியுங்கள். எட்டு இதழ்கள், பதினாறு பக்கங்கள் வரும். ஓரங்களை வெட்டாமலே, பென்சிலால் 1 முதல் 16 வரை பக்க எண்களை இடுங்கள். பின்பு தாளை விரித்துப் பாருங்கள். ஒரு புறத்திலே 1, 4, 5, 8, 9, 12, 13, 16 என்ற பக்கங்களும், மறுபுறத்திலே 2, 3, 6, 7, 10, 11, 14, 15 என்ற பக்கங்களும் இருக்கும். முதுகு மடிப்பின் இருபுறமும் அடுத்தடுத்திருக்கும் எண்களைக் கூட்டினால் எப்பொழுதும் 17 வரும். எட்டும் ஒன்பதும் மட்டும் உண்மையாகவே அருகருகே இருக்கும். பதினான்கும் பதினைந்தும் வாசிக்கும்போது எதிரெதிர்ப் பக்கங்கள். ஆனால் தாளிலே பதினான்கு மூன்றோடும், பதினைந்து இரண்டோடும் கூடி நிற்கும். இந்த மடித்த தாளைத்தான் அச்சகத்தார் ஒரு பாரம் என்கின்றனர். எமது மலர் 64 பக்கம். அதாவது நான்கு பாரம். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக் கட்டும்போது 8–9, 24–25, 40–41, 56–57 என்ற நான்கு இடங்களிலேதான் எதிரெதிர்ப் பக்கங்கள் பிளவில்லாத ஒரே தாளாக அமையும்.

சென்ற ஆண்டு படத்தை நாம் போட்டது 14, 15ஆம் பக்கங்களிலே. இரண்டும் வெவ்வேறு இதழ்கள். ஆகவே கம்பி விழுங்கியது போதாதென்று, ஒரு பாதி சற்று ஏறியும் மறுபாதி சற்று இறங்கியும் போயின. உண்மையான நடுப்பக்கத்திலே போட்டிருந்தால் ஏற்ற இறக்கம் வந்திராது. ஆனாலும் கம்பி விழுங்குவது விழுங்கியே இருக்கும். இதிலிருந்து நாம் கொண்ட முதல் விதி: மடிப்பின் குறுக்கே முகத்தையோ எழுத்தையோ வைப்பதில்லை. இரண்டாம் விதி: எல்லாப் பக்கத்திலும் உள்ளோரத்திலே முக்கால் அங்குலம் வெறுமையாக விடுவது.

மூன்றாம் விதி எதிரெதிர்ப் பக்கங்களைப் பற்றியது. வாசகர் ஒரு பக்கத்தைப் பார்ப்பதில்லை. விரித்த இரண்டையும் சேர்த்தே பார்க்கின்றார். இடப்பக்கத்திலே மறைந்த அன்பருக்கு நினைவஞ்சலி, வலப்பக்கத்திலே பட்டுப்புடைவைக் கடை விளம்பரம் என்று அமைந்த மலர்களை நாம் பார்த்ததில்லையா? இரண்டும் தனித்தனியே குற்றமற்றவை. சேர்ந்து நிற்கும்போது இரு பகுதியாரும் மனம் நோவர். நெல்லியடிச் சந்தியைச் சூழ்ந்த கடைக்காரரின் விளம்பரப் பணத்தினாலேதான் மலர் அச்சேறுகின்றது. அவர்களுக்கும் உரிய இடத்தைக் கொடுத்தல் நம் கடன். விளம்பரத்தை விளம்பரத்துக்கு எதிரேயும், அஞ்சலியை அஞ்சலிக்கு எதிரேயும் வைப்போம்.

நான்காம் விதி எழுத்தைப் பற்றியது. பெரியவர்கள் பலர், “உங்கள் மலரை வாசிக்கப் பூதக்கண்ணாடி வேண்டும்” என்று சென்ற ஆண்டு கூறினார்கள். இடம் போதாதபோதெல்லாம் எழுத்தைச் சிறிதாக்கினோம், அதுதான் காரணம். இம்முறை கணக்குப் பார்த்துள்ளோம். வயதானவரும் வாசிக்கக்கூடிய எழுத்தில் ஒரு வரிக்கு ஏறக்குறைய எட்டுச் சொல், பக்கத்துக்கு 36 வரி. ஆக 288 சொல். இரண்டாயிரம் சொற்கொண்ட கட்டுரைக்கு ஏழு பக்கம் வேண்டும். எழுதுவோர் இதனை மனத்திற் கொண்டு எழுதித் தரவேண்டுகின்றோம். எழுத்தைச் சுருக்கமாட்டோம், தேவையானால் ஆசிரியரின் அனுமதியோடு கட்டுரையைச் சுருக்குவோம்.

இனி, குழுவிலே எழுந்த ஒரு பிணக்கையும் மறையாமற் சொல்லவேண்டும். அந்தக் குழுப்படத்தை மறுபடியும் நடுப்பக்கத்திலே போடவேண்டும் என்று வாலிபர்களாகிய நாம் கேட்டோம். பெரியவர் ஒருவர், “நடுப்பக்கம் ஆசியுரைக்கும் சரஸ்வதி படத்துக்கும் உரியது, அது வர்ணத்திலே வரவேண்டும். அதைப் பின்னே தள்ளினால் மலருக்கு மங்களம் ஏது?” என்றார். எம்மிலே ஒருவர் சற்றுக் கடுமையாகவே மறுமொழி கூறிவிட்டார். அதற்காக இச்சபையிலே வருத்தம் தெரிவிக்கின்றோம். இரு பகுதியாரும் தாளை விரித்துப் பாராமல் வாதாடினோம் என்பதே உண்மை.

தாளை விரித்தபோது வழி தானே தெரிந்தது. வர்ணத்துக்கு நான்கு தகடுகள் வேண்டும். கறுப்புக்கு ஒன்று போதும். ஆகையால் ஒரு பாரத்தின் ஒரு புறத்தை மட்டும் வர்ணத்திலே அச்சிட்டால் செலவு மட்டுப்படும். எட்டாம் ஒன்பதாம் பக்கங்கள் உள்ள புறத்தை வர்ணமாக்கினால், அதே செலவில் 1, 4, 5, 12, 13, 16ஆம் பக்கங்களும் வர்ணம் பெறும். ஆசியுரையும் சரஸ்வதி படமும் பெரியவர் விரும்பியவாறே எட்டிலும் ஒன்பதிலும் மங்களமாக வரும். வர்ண விளம்பரம் கேட்ட கடைக்காரருக்கும் பன்னிரண்டிலும் பதின்மூன்றிலும் இடமுண்டு. எமது குழுப்படமோ கறுப்பு வெள்ளைப் படம்; அதற்கு வர்ணம் வேண்டியதில்லை. மறுபுறத்திலே கறுப்பாக வரும் ஆறாம் ஏழாம் பக்கங்கள் அதற்குப் போதும். ஒருவர் இடத்தை ஒருவர் பறிக்கவேண்டிய தேவையே இருக்கவில்லை.

ஆறாம் ஏழாம் பக்கங்களை இவ்வாறு அமைக்க எண்ணியுள்ளோம். வலப்பக்கமாகிய ஏழிலே படம் முழுவதும் அடங்கும். ஒரு பக்கத்துள் அடங்குவதால் முகம் அரை அங்குலத்திலிருந்து கால் அங்குலமாகச் சிறுக்கும். சிறுத்தாலும் பதின்மூன்று முகமும் இருக்கும். படத்துக்கு மேலும் கீழும் வெறுமை விடப்படும். அதிலே பூவேலை செய்யமாட்டோம். இடப்பக்கமாகிய ஆறிலே அதே படத்தின் கோட்டுருவம் ஒன்று வரும்; ஒவ்வொருவருக்கும் ஓர் இலக்கம். கீழே ஒன்று முதல் பதின்மூன்று வரை பெயர்கள், எல்லாம் ஒரே அளவு எழுத்திலே. பெயருக்கு எதிரே அவர் சங்கத்துக்குச் செய்த பணி ஒரு வரியிலே. தலைவராக இருந்தவருக்கும் ஒரு வரி. திருவிழாக் காலத்திலே தண்ணீர்ப் பந்தலுக்குக் குடம் சுமந்தவருக்கும் ஒரு வரி.

இது புதுமை என்று எண்ணவேண்டாம். சைவ உலகம் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே காட்டிய வழி இது. சுந்தரமூர்த்தி நாயனார் திருத்தொண்டத் தொகையைப் பாடியபோது அரசரை மாத்திரம் பாடவில்லை. மண்பாண்டம் வனைந்தவரையும், துணி வெளுத்தவரையும், வலை வீசியவரையும் பெயர் சொல்லிப் பாடினார். பெயர் அறியாதாரையும் விட்டுவிடாமல் ஒன்பது தொகையடியாராக வகுத்து வணங்கினார். பதினொரு பாட்டுக் கொண்ட அந்தத் தொகையை நம்பியாண்டார் நம்பி அந்தாதியாக விரித்தார்; சேக்கிழார் பெருமான் பெரும் புராணமாக்கினார். முதலிலே பெயர் எழுதி வைத்தமையினாலேதான் பிற்காலத்தார் வரலாறு எழுத முடிந்தது. “நிற்போர்: அடியார்கள்” என்று சுந்தரர் முடித்திருந்தால் நமக்குப் பெரியபுராணம் கிடைத்திருக்குமா?

இன்னுமொரு காரணமும் உண்டு. 1981ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணப் பொதுநூலகம் எரிக்கப்பட்டபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் அழிந்தன. பின்னர் வந்த இடப்பெயர்வுகளிலே வீட்டு அலுமாரிகளிலிருந்த ஊர் மலர்களும் அழிந்தன. 2005ஆம் ஆண்டு தொடங்கிய நூலகம் என்னும் மின்னூலகம், எஞ்சிய நூல்களையும் மலர்களையும் பக்கம் பக்கமாகப் படியெடுத்து உலகெங்கும் உள்ளோர் வாசிக்கும்படி வைத்துவருகின்றது. ஊர்ச் சங்கத்து மலர் ஒன்று நூறு ஆண்டுக்குப் பின் வாசிக்கப்படலாம் என்பது இன்று வெறும் கனவன்று. ஆனால் படியெடுக்கும் கருவிக்கும் மடிப்புக்குள் நுழைய முடியாது. மடிப்பிலே நாம் போட்டது இன்றைய வாசகருக்கு மாத்திரமன்று, என்றைக்குமே இல்லாதது ஆகிவிடும்.

ஆதலால் சபையோரிடம் மூன்று வேண்டுகோள்கள். முதலாவது, பின்வரிசையில் நின்ற எழுவரிலே நால்வரின் பெயர்களே இதுவரை நமக்குத் தெரிந்துள்ளன. எஞ்சிய மூவரையும் அடையாளங் காண்பதற்குப் பெரியோர்கள் அடுத்த வெள்ளிக்கிழமை பூசைக்குப் பின் சற்றுநேரம் எம்மோடு அமர வேண்டும். பெயர் கிடைக்காவிட்டாலும் அவர்களுடைய இலக்கம் வெறுமையாக நிற்கும், இடத்தை நீக்கமாட்டோம். இரண்டாவது, வீடுகளிலே பழைய படங்கள் இருந்தால் கொண்டுவாருங்கள். கண்ணெதிரே பிரதி செய்து உடனே திருப்பித் தருவோம். மூன்றாவது, வாலிபர்களுக்கு: பக்கங்களைத் திரையிலே பார்த்து ஒப்பமிடும் வழக்கம் இத்துடன் நிற்கட்டும். மலர் முழுவதையும் தாளிலே எடுத்து, மடித்து, கம்பி குத்தி, கையிலே விரித்துப் பார்த்த பின்னரே அச்சுக்குக் கொடுப்போம்.

அந்த மாதிரிப் பிரதியை முதலிலே யாரிடம் கொடுப்பது என்பதையும் குழு தீர்மானித்துவிட்டது. வெளியீட்டு விழாவிலே முதற்பிரதி பெறும் பெருமை வழக்கம்போல் பெரியோருக்கே உரியது. ஆனால் மாதிரிப் பிரதி அந்த ஆச்சியின் வீட்டுக்குப் போகும். அவர் கண்ணாடியைப் போட்டு, ஏழாம் பக்கத்தை விரித்து, அழுத்தாமலே பார்த்து, “இந்தா நிக்கிறார்” என்று சொன்ன பிறகே யந்திரம் ஓடும்.

எல்லாம் வல்ல இறைவன் திருவருளால் மலர் இனிது மலர்க.